காபி குடிக்கப் போன நேரம்

– கையெடுத்துக் கும்பிடுறேன், மார்லேனிஸ். நடுவர் வந்து கேட்டா, "குத்தம் என் கடிகாரத்து மேலதான்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஹவானா போற அணியில என் இடம் இப்ப உன் வாயிலதான் இருக்கு.

– என் கடிகாரத்துக்கு என்ன கொறச்சல், எலிசேயோ அண்ணே? நம்ம சதுரங்க மன்றத்துல இருக்குறது அத்தனையும் பழைய ரேடியோவைப் பிரிச்சு நான் செஞ்சது. ஒண்ணாவது நேரம் தப்பினதுண்டா?

– ஓட்டத்தைச் சொல்லல தாயே, திரையைச் சொல்றேன். ஒண்ணு, நடுவுல புள்ளி, அப்புறம் இருபதுன்னு காட்டுச்சு. ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கேன்னு நிதானமா எந்திரிச்சு, மூலைக்கடைக்குக் காபி குடிக்கப் போனேன்.

– இருந்தது ஒரு நிமிஷம் இருபது நொடி.

– அங்க ரெண்டு பேரு பேஸ்பால் சண்டை. பூந்து நியாயம் சொல்லாம வர முடியுமா? திரும்பி வந்தா, என் நேரம் தீந்து, எதுத்து ஆடின ஆர்க்கிமெதெஸ் ஜெயிச்சுட்டு எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டு நிக்கிறான்!

– காலையிலருந்து உக்காந்து ஆடின மனுஷனுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம்னு எப்படித் தோணுச்சு?

– நான் வேகமா ஆடுற ஆளுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

– மன்றத்துல வேற யாருக்கும் அது கெடையாது. நேரம் கொறைஞ்சதும் மணி மறைஞ்சு நொடி வரும், பச்சப் புள்ளைக்கும் தெரியும். அதுக்கு அடையாளமாத்தான் நடுப்புள்ளி சிமிட்டாம நிக்குது.

– ஆடுறவன் பலகையைப் பாப்பானா, புள்ளி சிமிட்டுதா முறைக்குதான்னு பாப்பானா? மணியும் நொடியும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா எவன் கண்டுபிடிப்பான்?

– ம்... அது என்னவோ வாஸ்தவம்தான். இருங்க, யோசிக்கிறேன். மணி, நிமிஷம், நொடி, மூணுக்கும் தனித்தனிக் கட்டம் வெச்சுடலாம். எடம் மாறவே மாறாது. மணி தீந்ததும் அந்தக் கட்டம் இருட்டாயிடும்.

– அதான்! இருட்டைப் பாத்துட்டு எவன் காபிக்குப் போவான்?

– நீங்க போவீங்க. கரண்ட் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு.

– அப்ப பூஜ்யத்தைப் போடு. நொடியைச் சின்னதா, ஓரமா வை.

– கடைசி நேரத்துல நொடிதானே உசுரு? அதைத்தான் பெருசாக்கணும். அட, இத்தன வருஷம் இது எனக்குத் தோணலையே! சரிண்ணே, தப்பு என்னுதுதான். சொல்லிடறேன். அதோ, நடுவரே வந்துட்டாரு. வாங்க, காசிமிரோ ஐயா.

– உக்கார நேரமில்லை, அம்மா. எலிசேயோவின் புகார் நியாயமா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

– ஆமாங்க ஐயா. திரையை நான் அமைச்ச விதம் தப்பு. பாக்கிறவங்களைக் குழப்பும். மாத்திடறேன்.

– நேர்மையான பதில். புகாரை ஏற்றுக்கொள்கிறேன். ஆர்க்கிமெதெஸிடமும் கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

– பாத்தியா மார்லேனிஸ், நியாயம் சாகல! எப்ப ஐயா காய் அடுக்குறோம்? இந்தத் தடவை குதிரையை முன்னாலயே எறக்கிடுவேன்.

– காய் அடுக்குவதா? பிழை கடிகாரத்தில்தானே, காய்களில் இல்லையே. ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். பலகையை யாரும் தொடாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். இப்போது உங்கள் முறை. நீங்கள் நம்பியிருந்த ஒரு மணி இருபது நிமிடத்தையும் முழுமையாகத் தருகிறேன்.

– அந்த... அந்த எடத்துலருந்தா?

– ஏண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? கேட்டது கெடைச்சிருச்சுல்ல?

– திரை நல்லாத் தெளிவாத்தான் இருந்துச்சு, ஐயா. ஒரு நிமிஷம்னு பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன். உக்காந்திருந்தா, அடுத்த நகர்வுலயே எனக்குச் செக்மேட்.