நிச்சயம் முறிந்த பிறகு

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பேசி முடித்துப் போனை மடியில் வைத்த இளையவள், “மதினி, இப்பத்தான் எனக்குப் பசிக்குது” என்று சொல்லி அழுதாள்.

“யாருடி போன்ல?”

“சைபர் கிரைம் மேடம். என் படத்தப் போட்ட எடத்துல இருந்தெல்லாம் எடுத்துட்டாங்களாம். அவனையும் புடிச்சுட்டாங்களாம்.”

“நிச்சயத்த முறிச்சதுக்கு இம்புட்டு வன்மமா? நம்பி அனுப்புன படத்த ஊருக்கே காட்டிப்புட்டானே.”

“அண்ணன் புகாரே வேணாம்னுச்சு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னுச்சு. நீங்க இல்லாட்டி நான் போயிருக்கவே மாட்டேன் மதினி.”

“தப்பு பண்ணவனுக்குத்தான்டி அசிங்கம். உனக்கென்ன?”

மறுபடி போன் அடித்தது. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் “சரிப்பா” என்று மட்டும் சொன்னாள்.

“மாமா என்ன சொன்னாரு?”

“மேடம் அப்பாகிட்டயும் பேசுனாங்களாம். படம் வந்ததுல இருந்து என் முகத்தையே பாக்காத மனுசன் மதினி. நாளைக்கு மறுபடி வேலைக்குக் கெளம்பு, நானே வண்டியில கொண்டு போயி விடுறேங்குறாரு.”