ஏழாவது வாரத்துத் தோசை

எனக்குத் தோசை வார்க்க வராது. கல்லில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஐயா.

பி.ஏ. படித்துவிட்டுப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் டிசைன் வரைகிறேன். சேலையில் வர வேண்டிய யானையையும் மயிலையும் கட்டம் போட்ட பெரிய தாள்களில் வரைந்து, மூலையில் எண் போட்டு அடுக்க வேண்டும். எண் மாறினால் யானைக்குத் தோகை முளைத்துவிடும். கழித்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் மனைவி இந்திராணி அவற்றின் பின்பக்கத்தில் ஒரு நாவல் எழுதினாள். காந்தா என்ற பெண்ணின் கதை. தாளுக்கு ஓர் அத்தியாயம்.

1969 தை மாதம் அவள் வாலாஜாபாத்தில் தாய்வீட்டில் இருந்தபோது அதைப் பிரதி எடுத்து, என் பெயரைப் போட்டு, ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதைப் போட்டிக்கு அனுப்பினேன். தாள்களை என் எண்படி அடுக்கினேன். அவளோ கைக்கு வந்த தாளில் எழுதியிருக்கிறாள். மூன்றாவது தாளில் செத்த காந்தா ஏழாவதில் கணவனுக்குத் தோசை சுட்டாள். நாவல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வாரத்துக்கு ஒரு தாளாக வெளியிட்டார்கள். மூன்றாவது வாரம் வாசகர்கள் அழுதார்கள். ஏழாவது வாரம் இன்னும் அதிகமாக அழுதார்கள். மரணத்தை மீறிய உத்தி என்று பாராட்டி, பரிசு எனக்குத்தான் என்று ஆசிரியர் எழுதினார்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் கொடுத்து இந்திராணி அதைப் படித்தாள். வெகுநேரம் சிரித்தாள்.

"பேரு உங்களுதாவே இருந்துட்டுப் போவட்டும். செத்தவ எழுந்து தோசை சுட்டுக்கினு இருக்கறாளே, அத்த மட்டும் சரி பண்ணுங்க."

"அதுக்குத்தாம்மா பரிசே தராங்க."

"பொணம் சுட்ட தோசைக்கா? நல்லா இருக்குது உங்க காலேஜ் படிப்பு."

எட்டாவது வாரம் அவளுக்கு டைபாய்டு வந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு கேப்சூல் கொடுத்தால் பயமில்லை என்றார் டாக்டர்.

"எழுந்து நடந்ததும் நானே மெட்ராஸ் போயி, தாளு மாறிப்போனத பத்திரிகை ஆபீஸ்ல சொல்லிட்டு வரேன்" என்றாள். கோபம்கூட இல்லை.

கேப்சூல்களைத் திறந்து மருந்தை வாசல் செம்பருத்திக்குக் கொட்டினேன். வெறும் கூடுகளை மூடி அவளுக்குக் கொடுத்தேன். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. செடி நன்றாக இருக்கிறது.

கடைசி அத்தியாயம் வெளிவந்த வியாழக்கிழமை அவள் இறந்தாள். அதில் காந்தாவுக்குக் கல்யாணம்.

பரிசு வாங்க நான் போகவில்லை. வீட்டில் வேலை இருந்தது. காந்தா செத்த நாலாவது வாரம் வந்தாள். அந்தக் கணக்குப்படி இந்திராணி போன வியாழனே வந்திருக்க வேண்டும். மாவு அரைத்து, கல்லைத் துடைத்து வைத்திருந்தேன். மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எங்கோ ஒரு தாள் எண் மாறியிருக்கிறது. அழைத்துப் போகுமுன் ஒருமுறை அடுக்கிப் பார்க்க விடுங்கள், ஐயா. அதை மட்டும் சரி பண்ணிவிட்டால் வந்துவிடுவாள்.