மூன்றாம் ரூமுக்குப் போன காப்பி

“ரெண்டு ரூம்ல ஒரே நேரத்துல பட்டன அமுக்குனா, மூணாம் ரூமுக்குக் காப்பி போவுதுட்டி.”

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்து. சாரலுக்கு ஜன்னலை மூடியிருந்ததால் முன் சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது. சொன்னவள் மாமியாரோடு லாட்ஜ் நடத்துகிறவள். பக்கத்தில் அவள் தோழி.

“அதெப்படிட்டி?”

“எல்லா ரூமுக்கும் ஒத்த வயருதான் இழுத்தேன். ரூமுக்கு ரூம் அளவ மாத்தி ஒரு ரெசிஸ்டர். காப்பி வேணும்னு யாரு பட்டன அமுக்குதாவன்னு வோல்டேஜ வச்சு அடுப்படியில இருக்க பெட்டி காட்டும். ஒண்ணும் ரெண்டும் சேந்து அமுக்கவும், ரெண்டு ரெசிஸ்டரும் சேந்து மூணாம் ரூம் அளவுக்கு வந்துட்டு.”

“ஒங்க அத்தை என்ன சொன்னாவ?”

“காப்பி வராதவிய சண்டைக்கு வந்துட்டாவ. பெட்டியப் பிடுங்கி எறின்னு நின்னாவ அத்தை. ஆனா மூணாம் ரூம்ல புருசனும் பொண்டாட்டியும் ரெண்டு நாளா மொகங்குடுத்துப் பேசல. காப்பி வரவும், இவதான் சொல்லிருக்கான்னு அவரு நெனச்சிட்டாரு. அவருதான் சொல்லிருக்காருன்னு இவ நெனச்சிட்டா. சாயங்காலம் ரெண்டு பேரும் ஐந்தருவியில குளிச்சிட்டு, ஈரத்தலையோட சிரிச்சிக்கிட்டு வாராவ!”

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். “ரெசிஸ்டர மாத்திட்டியா?”

“மாத்தத்தான் போனேன். அத்தை கையப் பிடிச்சிட்டாவ. மூணாம் ரூம்காரவிய காலி பண்ணுத வரைக்கும் பெட்டியத் தொடக்கூடாதாம். யாருக்கும் காப்பி விட்டுப்போவக் கூடாதுன்னு மத்த ரூமுக்கெல்லாம் அத்தையே மாடியேறிப் போயி, என்ன வேணும்னு கேட்டுட்டு வாராவ.”