இத்தாலிக் கடையில் ரெண்டு பேருக்கு மேசை

இல்ல புள்ள, பீட்சாக் கடை இல்ல. நானும் அப்பிடி நினைச்சுத்தான் போனன். பீட்சாவெண்டாக் கையால பிச்சுத் திண்டிரலாம், மானமாவது தப்பியிரிக்கும்.

கொழும்புலதான். இத்தாலிச் சாப்பாடு. நினைச்ச உடன போய் இரிக்க ஏலா. முன்னுக்கே போன் பண்ணி மேசை பிடிக்கோணும், அதுவும் லேசில கிடையாது. நம்மட மட்டக்களப்புல கடைக்காரன் வாசல்ல நிண்டு கூப்பிடுவான். அங்க நாம கெஞ்சோணும்.

ஆரோட போனதா? சொல்லுறன், சொல்லுறன். ரயில் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்குத்தானே.

கல்யாண வீட்டுக்குக் கட்டுற பட்டுச் சாறியக் கட்டிட்டுப் போனன். உள்ளுக்குப் பாத்தா எல்லாம் ஜீன்ஸ் போட்ட புள்ளையள். பொண்ணுட தாய் மண்டபம் மாறி வந்திட்டா எண்டு நினைச்சிரிப்பாங்க. சாப்பாட்டுப் பேர் எழுதின ஒரு அட்டையத் தந்தாங்க. முப்பத்திரண்டு வருசம் புளியந்தீவுல கணக்குப் படிப்பிச்சவள் நான், அதுல எனக்கு விளங்கினது இலக்கம் மட்டுந்தான். தேடித் தேடிக் கடைசியில இறால் எண்ட ஒரு சொல்லக் கண்டன், விரல வச்சன்.

வந்திச்சு. இவ்வளவு பெரிய பீங்கான், நடுவுல ஒரு பிடி நூல், மேல மூண்டு இறால். வாவிக்கரையில பிறந்தவளுக்கு மூண்டு இறால்! அந்த நூல முள்ளுக்கரண்டியில சுத்துறன், சுத்துறன், வாய்க்குக் கிட்ட வரக்குள்ள அவுந்து மடியில விழுது. கடிச்சுப் பாத்தா நடுவு வேகல்ல. பரிமாறின பொம்புளப் புள்ளையக் கூப்பிட்டு, இன்னும் ஒரு கொதி விட்டுக் கொண்டு வாங்க மகள் எண்டன். அவ சிரிப்ப அடக்கிக்கொண்டு, இது இப்பிடித்தான் அம்மா இரிக்கும் எண்டா. பக்கத்து மேசையே கிறுகிப் பாத்திச்சு.

மறுகா என்ன செய்தன் எண்டு நினைக்கிறீங்க? பேக்குக்குள்ள எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தல் கிடந்திச்சு. மெதுவாத் திறந்து ஒரு துண்டு வச்சன். எதிர்ல இரிந்தவர் திட்டப் போறார் எண்டு பாத்தா, தன்ட பீங்கான இஞ்சால தள்ளி, டீச்சர், எனக்கும் ஒரு துண்டு எண்டார்.

கோணாமலை எண்டு பேர். கரடியனாத்துக்காரர், நீர்ப்பாசனத்துல வேல செய்து பென்சன் எடுத்தவர். கொழும்புக் கண் கிளினிக்குல வந்த பழக்கம், ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தான் போடுவாங்க. அவர்ர மனிசி செத்து ஆறு வருசம், என்ட வீட்டுக்காரர் செத்துப் பதினொண்டு. ஒருநாள் அந்தக் கடையத் தாண்டி நடந்து வரக்குள்ள, இதுக்குள்ள இரிந்து என்னதான் திங்காங்களோ எண்டு சும்மா ஒரு கதைக்குச் சொன்னன். நான் மறந்திட்டன். அந்த மனிசன் ஏழு கிழமையா ஒவ்வொரு திங்களும் போன் பண்ணியிரிக்கார். இடமில்ல, இடமில்ல எண்டிரிக்காங்க. விடல்ல.

என்ட வீட்டுக்காரர் நல்ல மனிசன்தான் புள்ள, குறை சொல்லப்படா. ஆனா சோறு வடியுமட்டும் பொறுக்க மாட்டார்.

ஐஸ்கிறீம் வரக்குள்ள கேட்டார். என்ன கேட்டாரா? அறுபத்திரண்டு வயசுல தனிய இரிக்கிறவளிட்ட வேற என்னத்தக் கேப்பாங்க? எனக்கு வாய்க்குள்ள ஐஸ்கிறீம். ஓம் எண்டு சொல்லவும் ஏலாம, விழுங்கவும் ஏலாம, தலைய மட்டும் ஆட்டினன்.

அந்தா, ஏறாவூர் வந்திட்டு. அடுத்தது நம்மட ஸ்டேசன். மகன் நிலோஜன் கூட்டிப்போக வந்து நிப்பான். அவனுக்கு இன்னும் ஒண்டும் தெரியா. ஒருத்தருக்கும் தெரியா. உங்களிட்டத்தான் முதல் முதல் சொல்லிப் பாத்தன்.

அவரா? அடுத்த பெட்டியில இரிக்கார். மகன்ட முகத்தப் பாத்திட்டுக் கூப்பிடுறன், அதுவரைக்கும் இறங்கப்படா எண்டு சொல்லியிரிக்கன்.

சிரிக்கிறீங்க என்ன? அவனும் இப்பிடிச் சிரிச்சிட்டானெண்டா எனக்கு அதுவே காணும்.