பேட்டரி மேல் போட்ட பழி

ஜூன் 12, வியாழன்.

மெக்கானிக் வகுப்பு நோட்டில் 'இடது கேபிள் பிளஸ்' என்று எழுதியிருந்தேன். எந்த வண்டிக்கு என்று எழுதவில்லை. இன்று காலை கீழ்வீட்டுக் கிளாரன்ஸ் அண்ணன் காருக்குப் புது பேட்டரி மாட்டியபோது அதை நம்பினேன். டப் என்று ஒரு சத்தம். கேபிளை மாற்றி மாட்டியும் வண்டிக்கு உயிர் வரவில்லை. "பேட்டரியே சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன்.

மாலை வகுப்பு இடைவேளையில் அவர் கூப்பிட்டார். எந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று பார்ப்பதற்காக நான் பேசியதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

"ஹலோ... ஆமாண்ணா, ஜோவிதாதான்... கிளாஸ்ல இருக்கேன், பரவால்ல, சொல்லுங்க... யாரு? பேட்டரி கடை பாலகுமாரா? வீட்டுக்கே வரவெச்சுட்டீங்களா?... அண்ணா, கத்தாதீங்க, ஈஜிபுரா தெரு பூரா கேக்கும்...

சரி. சரி சரி. சொல்ப, கொஞ்சம் இருங்க. ஹார்ன் அடிங்க... இல்லையா. உள்ள லைட்டு?... அதுவும் இல்ல. சாவி திருப்பினா டிக்குனு கூட... ம்.

அவரு மீட்டர் வெச்சுப் பாத்தாரா?... பன்னெண்டரை வோல்ட் காட்டுதா... அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு... ஆமா, காலைல நான்தான் அப்படி சொன்னேன்... ஆமாண்ணா, சொன்னேன்...

பேட்டரி பக்கத்துல கறுப்பு டப்பா இருக்குல்ல? மூடிய எடுங்க. ஸ்க்ரூ போட்டு பெருசா ஒண்ணு, மேல கண்ணாடி மாதிரி... எண்பதுன்னு இருக்கா? அதான் மெயின் ஃப்யூஸ். டார்ச் அடிச்சு பாருங்க. உள்ள பட்டை முழுசா... ஓ. கருகியிருக்கா.

அய்யோ, வேணாம்! ஒயர் வெச்சு கட்டாதீங்க, வண்டியே பத்திக்கும்!

இல்லண்ணா, அவரு பேட்டரியால போகல... இல்ல... அந்த மனுஷன திட்டாதீங்க... எதுல போட்டீங்க? தெரு குரூப்லயா? கடை பேரோடவா?... அத மொதல்ல அழிங்கண்ணா.

நான்தான்.

நான்தாண்ணா மாத்தி மாட்டினேன். ரெண்டு கேபிளும் கறுப்பு, நோட்ட பாத்து... தொட்டதும் டப்புன்னுச்சு. நீங்க பால் வாங்கப் போயிருந்தீங்க... தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல.

அண்ணா?... கடைக்காரர்கிட்ட ஃபோன குடுங்க...

சார்... ஆமா, அந்தப் பொண்ணுதான். சாரி சார்... ஆமா... கேபிள் கிளாம்பு முனைல சரியா உக்காரவே இல்ல, அப்பவே நிறுத்தியிருக்கணும்... அழிச்சா போதாதா?... அறுவது பேர் பாத்தாச்சா... நானே எழுதணுமா? என் பேர்லயா?... இல்ல சார், தெருவுல எல்லாரும் மிக்ஸி, ஃபேன்னு என்கிட்டதான் குடுக்கறாங்க, இத படிச்சா... ஆமா. உங்களுக்கு அது கடை... எழுதறேன். இப்பவே.

அண்ணன்கிட்ட ஒரு நிமிஷம்... ஹலோ?... ஹலோ?"

வராந்தாவில் நின்று ஆறு வரி எழுதினேன். நாலு வரி சாக்காக இருந்தது, அழித்தேன். மீதி இரண்டைத் தெரு குரூப்பில் அனுப்பினேன். கிளாரன்ஸ் அண்ணன் பார்த்துவிட்டார்.

நாளை: முதலில் அவர் கதவைத் தட்ட வேண்டும். வண்டியைத் தொட விட்டால், அடுகோடியில் உதிரிபாகக் கடை திறந்ததும் எண்பது ஆம்பியர் ஃப்யூஸ் வாங்கி வந்து மாற்றி, கேபிள்களை பேட்டரி மேல் இருக்கும் பிளஸ் குறியைப் பார்த்து மாட்ட வேண்டும்.