டிராகன் அடிக்க வந்தபோது

"நீ செத்திருக்க வேண்டியதே இல்ல மாப்ள."

வாடிப்பட்டி பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இப்படிக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். கல்லூரி வயதில் இருவர். சொன்னவன் தலையில் முடியே இல்லை.

"ஆஸ்பத்திரி கேன்டீன்ல கார்டு வெளையாடுனப்ப என் டிராகன் அடிக்க வந்துச்சுல்ல? தடுக்குற மந்திரக் கார்டு ஒன் கையிலதான இருந்துச்சு? அடி விழுகுறதுக்குள்ள போட்டிருந்தா தப்பிச்சிருப்ப."

"மறந்துட்டேன்டா."

"நீயா? நான் காய்ச்சல்ல கெடந்தப்பகூட என்னைய ஜெயிக்க விட்டதில்லையே."

நண்பன் மடியிலிருந்த ஸ்கேன் கவரைக் கவிழ்த்து வைத்தான்.

"வெளையாடுறதுக்கு முன்னாடி டாக்டர் ஒன்னைய மட்டும் உள்ள கூப்ட்டாருல்ல. என்ன சொன்னாரு?" முடியில்லாதவன் விடவில்லை.

"எந்திரி மாப்ள, ஊரு வந்துருச்சு."

பஸ் இன்னும் மதுரையையே தாண்டவில்லை.