வளைவில் சேர்ந்த கல்குவியல் குறித்து

உதவி ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு. கேட்டதற்கு வாயால் பதில் சொல்லாமல் இப்படி எழுதித் தருவதற்கு மன்னிக்க வேண்டும். நின்றுகொண்டு பேசினால் எனக்குக் குரல் எழும்பாது.

என் பெயர் சத்யப்பிரியா, வயது 23, காலஞ்சென்ற செல்லப்பன் மகள். விக்கிரமங்கலம் அருகே காலனித் தெருவில் தாயாருடன் குடியிருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்து, அரசுத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகும் தார்ச்சாலையில் ஒரு வளைவு உள்ளது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் போடாமல் அதில் திரும்பும்போது கல் சில்லுகள் சாலையில் சிதறும். கடந்த ஜூன் 20ஆம் தேதி காலை, பக்கத்து வீட்டு மஞ்சு, பன்னிரண்டாம் வகுப்பு, அந்தச் சில்லில் சைக்கிள் சறுக்கி விழுந்தாள். பின்னால் வந்த லாரி அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நான் பஸ்ஸுக்காக எதிரே நின்றிருந்தேன். அவள் எழுந்து முதலில் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத்தான் தேடினாள்.

அதன் பிறகு இரண்டு இடங்களில் மனு கொடுத்தேன்; ரசீது உள்ளது. அதன் பிறகு தெரு வாட்ஸ்அப் குழுவில், காலையில் சேர்ந்து கூட்டலாமா என்று கேட்டேன். பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஜூலை முதல் தேதி ஆறு மணிக்கு நான் மட்டும் நின்றிருந்தேன். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கூட்டினேன். அன்று முதல் நேற்றுவரை, காய்ச்சலில் கிடந்த இரண்டு நாள் தவிர, தினமும் கூட்டியுள்ளேன். என் தாயார் இருசம்மாள் முப்பது வருடம் பிறர் வாசல் கூட்டியவர். "நான் கீழ வெச்ச வெளக்கமாத்த நீ ஏன்டி எடுத்த?" என்று ஒருமுறை கேட்டார். அதன் பிறகு நான் கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

கூட்டிய சில்லுகள் திரும்பச் சாலைக்கு வராதபடி ஓரத்து வேப்பமரத்தடியில் குவித்து வந்தேன். அது முழங்கால் உயரம் ஆகிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி, குவியல்மேல் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார். அவர் பெயர் கொளஞ்சியப்பன் என்று இங்கே நீங்கள் விசாரித்தபோதுதான் தெரிந்தது. "எந்த சாமின்னு தெரியலம்மா. ரெண்டு மாசமா இந்தத் திருப்பத்துல வண்டி வழுக்கறதே இல்ல. நீங்கதான் கோயில் கூட்டுறவங்களா?" என்று கேட்டார். என் கையில் விளக்குமாறு இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வராமல் தலையை ஆட்டிவிட்டேன். நான் செய்த தவறு அது ஒன்றுதான். அடுத்த வாரத்துக்குள் சிவப்புத் துணி, மஞ்சள், சூடம் எல்லாம் வந்துவிட்டன. அவற்றை நான் வைக்கவில்லை. எடுக்கவும் துணியவில்லை.

மரத்தை ஒட்டிய முந்திரிக் கொல்லை புகார்தாரர் சிவசுப்பிரமணியன் அவர்களுடையது. இன்று காலை ஆறு மணிக்கு அவர் அங்கே நின்றிருந்தார். "இன்னிக்குக் கல்லு, நாளைக்குக் கொட்டாய், நாளான்னிக்குப் பட்டாவா? யாரு சொல்லி வெக்கிற?" என்றார். "யாரும் சொல்லலைங்க. ரோட்டைத்தான் கூட்டுறேங்க" என்றேன். "சம்பளம் இல்லாம ரோடு கூட்டுறவ எந்த ஊருல இருக்கா?" என்றார். அதன் பிறகு அவர் போன் செய்ய, காவலர் வந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்.

அந்த இடத்தின் மேல் எனக்கோ எங்கள் தெருவாருக்கோ உரிமை கோரும் எண்ணம் இல்லை. குவியலை அகற்றிக்கொள்ளலாம். வழக்குப் பதிந்தால் நாளை வேலைக்கான விசாரணையில் அது வரும் என்பதை அறிவேன். இதுவரை எழுதியது நடந்தது நடந்தபடியே; யாரும் சொல்லித் தரவில்லை; படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வந்தவுடன் கேட்டிருக்க வேண்டும், கூச்சத்தில் விட்டுவிட்டேன். இன்று அந்த வளைவு கூட்டப்படவில்லை. காலையில் பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்று தெரியவில்லை. இப்போது மணி மூன்று. பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடும். என்னை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார வையுங்கள். அதற்குள் யாரையாவது அனுப்பிக் கூட்டச் சொல்லுங்கள் ஐயா. விளக்குமாறு உங்கள் மேசைக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது.

(ஒப்பம்)
செ. சத்யப்பிரியா
9.9.2025